நரிக்கு எந்தத் துப்பாக்கி?

டிஸ்கி: துப்பாக்கி, தோல், ரத்தம் எல்லாம் வரும் பதிவு இது. இளகிய மனசுக்காரர்கள் ஒரு ஜம்ப் அடித்து அடுத்த பதிவுக்குப் போய்விடலாம், கோவிச்சுக்க மாட்டேன். அப்புறம், நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

நான் ஆணி பிடுங்குவது ஐயோவா மாநிலத்தில். ஊரில் யாரிடம் சொன்னாலும் "ஐயோ, வா!"ன்னு படிக்கிறார்கள். சரிதான், ஜனவரியில் வந்து பார்த்தால் அப்படித்தான் கூப்பிடத் தோன்றும். சுற்றிலும் மக்காச்சோளக் காடு, சோயா காடு. அறுப்பு முடிந்துவிட்டால் அடிவானம் வரைக்கும் ஒன்றுமே கிடையாது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் கொயோட் நடமாடும். எங்கள் டீமில் டேட்டாபேஸ் பார்க்கிற நண்பர் ஒருவர் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை சனி, ஞாயிறு அவரைப் பிடிக்க முடியாது. கொயோட்டும் சிவப்பு நரியும் வேட்டையாடி, தோலுரித்து, காய வைத்து விற்கிறவர். அப்பா செய்தார், தாத்தா செய்தார், இவரும் செய்கிறார்.

போன வருஷம் அவர் கேட்டார்: "இந்தத் தடவை நீயும் வா. ஆனா முதல்ல சொல்லு, உனக்கு எந்தக் காலிபர் வாங்கலாம்?" அதே வாரம் பலமனேரிலிருந்து நைனா போன் பண்ணினார்: "தாத்தா துப்பாக்கிக்கு லைசென்ஸ் ரென்யூவல் வருதுடா. இன்னா பண்ணலாம், சொல்லு." பதின்மூன்றாயிரம் சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு துப்பாக்கிக் கேள்விகள். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் ஆயுதம் என்றால் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற ஸ்க்ரூ டிரைவர்தான்.

முதலில் நண்பரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் படித்துப் பார்த்ததில் அதில் ஒரு விசித்திரமான கணக்கு இருப்பது தெரிந்தது.

துப்பாக்கி என்றால் பெரிசா இருந்தால் நல்லது என்றுதான் நாம் நினைப்போம். தோலுக்காக வேட்டையாடுகிறவனுக்கு அப்படி இல்லை. விலங்கு நின்ற இடத்திலேயே விழ வேண்டும், ஆனால் தோலில் ஓட்டை இருக்கக் கூடாது. குறைந்தபட்சம், ஊசி நூலில் மூடிவிடுகிற மாதிரி சின்ன ஓட்டையாக இருக்க வேண்டும். உள்ளே போன குண்டு வெளியே வரவே கூடாது. வெளியே வருகிற குண்டுதான் தோலைக் கிழிக்கும். உள்ளே போன ஓட்டை மிளகு அளவு என்றால், வெளியே வந்த ஓட்டை உள்ளங்கை அளவுக்கும் இருக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கெட்டியான செம்பு உறை போட்ட குண்டு. பென்சில் சொருகினாற்போல இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வரும். தோல் தப்பிக்கும், ஆனால் விலங்கு அரை மைல் ஓடிப்போய் எங்கேயோ புதரில் கிடந்து சாகும். அது பாவம் மட்டுமில்லை, தோலும் கிடைக்காது. இன்னொன்று, மெல்லிய உறை போட்ட லேசான குண்டு. பயங்கர வேகத்தில் போய் நெஞ்சுக்கூட்டுக்குள் நுழைந்ததும் பொடிப்பொடியாக உடைந்து அங்கேயே நின்றுவிடும். விலங்குக்கும் ஒரு நொடிதான். தோல்காரர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது கட்சி. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் மேலேயே வெடித்துப் பெரிய புண்ணாக்கிவிடும். அதனால் விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது தோளுக்குச் சற்றுப் பின்னால் விலா எலும்பில் அடிக்க வேண்டும் என்பார்கள்.

இனி காலிபர். காலிபர் என்பது குழலின் உள்விட்டம், இஞ்சில். அமெரிக்காவில் குண்டின் எடையை 'கிரெய்ன்' கணக்கில் சொல்வார்கள், நமக்கு மண்டையில் ஏறாது. நான் நம்ம ஊர் நகைக்கடைக் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். அப்புறம் சுலபமாகிவிட்டது.

.17 ஹெச்எம்ஆர் 2002இல் வந்தது. குண்டு 17 கிரெய்ன், அதாவது ஒரு கிராம் சொச்சம். குழந்தைக்குப் போடுகிற மோதிரம் அளவு. கிட்டத்தில் நிற்கிற நரிக்குச் சரி. கொயோட்டுக்குப் போதாது, காயத்தோடு ஓடவிடும்.

.204 ரூகர், 2004இல் வந்தது. 32 கிரெய்ன் குண்டு, கிட்டத்தட்ட கால் பவுன். விநாடிக்கு ஆயிரத்து இருநூறு மீட்டரை ஒட்டிப் பறக்கும், ஒலியைவிட மூன்றரை மடங்கு. பெரும்பாலும் உள்ளே போனது வெளியே வராது. தோல்காரர்களின் செல்லப்பிள்ளை. காற்று அடித்தால்தான் இந்தக் கால் பவுன் தள்ளாடும். ஐயோவாவில் காற்று அடிக்காத நாளை எனக்குக் காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்.

.223 ரெமிங்டன். 55 கிரெய்ன் குண்டு, அரைப் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. வேகம் விநாடிக்கு ஆயிரம் மீட்டரை ஒட்டி. ராணுவத்தின் 5.56க்குக் கூடப்பிறந்தது. எந்தப் பெட்டிக்கடை மாதிரி ஊருக்குப் போனாலும் தோட்டா கிடைக்கும், விலையும் மற்றதைவிட சல்லிசு. சரியான குண்டைப் போட்டால் தோலும் பரவாயில்லாமல் தப்பும்.

.22-250. இதிலும் அதே 55 கிரெய்ன் குண்டுதான், ஆனால் மருந்து அதிகம், வேகமும் அதிகம். முன்னூறு கஜம் தள்ளி நிற்கிற கொயோட்டையும் மேலே கீழே ஏற்றி இறக்காமல் குறி வைக்கலாம். கிட்டத்தில் அடித்தால் அந்த வேகமே தோலுக்கு எமன்.

.243 வின்செஸ்டர், 1955இல் வந்தது. மானுக்கும் ஆகும், கொயோட்டுக்கும் ஆகும். 100 கிரெய்ன் குண்டு முக்கால் பவுனுக்கு மேல். காற்றில் அசையாது. ஆனால் தோல்? விற்பதை மறந்துவிட்டுக் கால்மிதி பண்ணிக்கொள்ளலாம்.

நண்பர் கையில் இருப்பது .204. எனக்கு அவர் சொன்னது .223. "நீ புதுசு, நிறைய சுட்டுப் பழகணும். தோட்டா சீப்பா இருக்கணும்." நியாயமான பேச்சு. யாராவது மெய்யாகவே இந்தக் கேள்வியோடு இங்கே வந்திருந்தால் அவர்களுக்கும் அதுதான் பதில். ஒரே ஒரு துப்பாக்கி என்றால் .223, தோல் ஒன்றுதான் குறி என்றால் .204. இத்தோடு போய்விடலாம். மிச்சம் என் சொந்தக்கதை.

முதலில் விசா. நம்ம மக்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது 1998இலிருந்து மத்திய சட்டப்படி குற்றம். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காலாவதியாகாத, முறையாக வாங்கிய வேட்டை உரிமம் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். ஐயோவாவில் 1972 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்த யாரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறினால்தான் உரிமம். நான் 1980. அதாவது வகுப்புக்குப் போய், உரிமம் வாங்கி, அதைத் தேதி தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் கூட, பச்சை அட்டைக்கு 2013இலிருந்து வரிசையில் நிற்கிற என் கதி என்ன? தங்கமணியிடம் கேட்டேன். "உங்களுக்கு கரண்ட் பில் கட்டுற தேதியே ஞாபகம் இருக்காது"ன்னு ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

சரி, கூட மட்டும் போவோம் என்று ஒரு சனிக்கிழமை போனேன். மைனஸ் பதினெட்டு டிகிரி. வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்தோம். எதிரே அறுபதடி தள்ளி ஒரு பொட்டி. பேட்டரியில் ஓடுகிற கருவி, நானூறு டாலராம். பட்டனை அழுத்தினால் அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி கத்தும். இன்னொரு பட்டனுக்குக் கொயோட் ஊளை. கொயோட் நேராக வராது, காற்றுக்குக் கீழே சுற்றி வந்து மோப்பம் பிடித்துப் பார்க்கும். அதனால் நாம் எங்கே உட்காருகிறோம் என்பதைக் காற்றுதான் முடிவு பண்ணும்.

அந்த ஊளை கேட்டதும் எனக்குக் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

பலமனேர் தெரியாதவர்களுக்கு: சித்தூரிலிருந்து பெங்களூர் போகிற பழைய ரோட்டில் மலையேறினால் வருகிற ஊர். சுமார் 680 மீட்டர் உயரம், அதனால் ஏழைகளின் ஊட்டி என்பார்கள். ஆந்திராதான். ஆனால் குடியாத்தமும் பேரணாம்பட்டும் மலைக்குக் கீழேயே இருக்கின்றன, முளபாகல் தாண்டினால் கோலார். 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டாகும்வரை நாங்கள் வட ஆற்காட்டுக்காரர்கள். அதனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேர்த்து மூன்றும். அப்பாவை நைனா என்போம், திட்டுவதற்கு மட்டும் எந்த மொழி வசதியோ அந்த மொழி.

எங்கள் நிலம் ஊருக்குத் தெற்கே, காட்டை ஒட்டி. வேர்க்கடலையும் கேழ்வரகும். எண்பதுகளின் கடைசியில் பொழுது சாய்ந்தால் நரி ஊளையிடும். ஒன்று ஆரம்பிக்கும், ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்று பதில் சொல்லும், அப்புறம் நாலா பக்கமும். வீட்டில் ஆட்டுக்குட்டிகளைக் கூடையில் கவிழ்ப்பார்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாட்டி சொன்ன கதைகளில் வருகிற நரியை இங்கிலீஷ் புத்தகத்தில் 'ஃபாக்ஸ்' என்று போட்டுவிட்டார்கள். ஊளையிடுகிற நம்ம நரி ஜாக்கல். எட்டுப் பத்து கிலோ இருக்கும், நாய் ஜாதி, கொயோட்டுக்குப் பங்காளி முறை. மெய்யான ஃபாக்ஸ் நம்ம ஊரிலும் உண்டு. இரண்டு மூன்று கிலோ எடையில் வால் நுனி கறுத்து இருக்கும், வளை தோண்டி வாழும். சேலம் வாழப்பாடிப் பக்கம் அதை வங்காநரி என்பார்கள். பொங்கலை ஒட்டி அதைப் பிடித்து வந்து ஓட விட்டு வங்காநரி ஜல்லிக்கட்டு நடத்துவது அங்கே பழைய வழக்கம். அந்த முகத்தில் விழித்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. வனத்துறை தடை போட்டு, அபராதமும் வசூலித்துக்கொண்டிருக்கிறது.

தெலுங்கில் நரிக்கு நக்கா. எங்கள் ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை நக்கலோள்ளு வருவார்கள். தமிழில் நரிக்குறவர், குருவிக்காரர் என்கிறோமே, அவர்கள்தான். கூட்டத்தில் ஒரு பெரியவர் உண்டு. தோளில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற நீளமான துப்பாக்கி, இடுப்பில் மருந்துக் குடுவை. அவர் இரண்டு கையையும் வாயில் குவித்து ஒரு ஊளை விடுவார் பாருங்கள், ஓடைக்கு அந்தப் பக்கத்து நரி பதில் சொல்லும்! நாங்கள் பசங்கள் பத்துப் பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். பொட்டியும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. காற்று எந்தப் பக்கம் என்று ஒரு சிட்டிகை மண்ணைத் தூவிப் பார்ப்பார். என் நண்பரும் அன்றைக்கு அதையேதான் செய்தார், மண்ணுக்குப் பதில் ஏதோ பவுடர் டப்பா.

ஆனால் அந்தப் பெரியவருக்கு ரோமம் பற்றிக் கவலையே இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு நரிக்கு எதற்குக் கம்பளி? மைனஸ் இருபதில் வாழ்கிற விலங்குக்குத்தான் மேல்முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு முளைக்கும். அந்தப் பஞ்சுக்குத்தான் விலை. அதுவும் குளிர் ஏறுகிற சில வாரங்கள்தான். பிப்ரவரி தாண்டினால் உதிர ஆரம்பித்துவிடும். சொறி பிடித்திருந்தால் அதுவும் போச்சு. பெரியவருக்கு நரி என்றால் கறி, பல், நகம், நரிக்கொம்பு என்று ஊர் மக்களிடம் விற்கிற தாயத்து. நரிக்குக் கொம்பு முளைக்காது என்பது வாங்குகிறவருக்கும் உள்ளூரத் தெரியும். ஓட்டை எத்தனை பெரிசு என்று அவர் அளந்து பார்த்ததே இல்லை. கிடைத்த குழலில் கிடைத்ததைப் போட்டுக் கெட்டித்தார், அவ்வளவுதான்.

கிடைத்த குழல் என்று சொன்னேனே, இந்தியாவில் காலிபர் தேர்வு என்பதே அதுதான். சட்டம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே பயம் வந்துவிட்டது. ராணுவத் தோட்டாவைத் திருடி சொந்தத் துப்பாக்கியில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக ராணுவம் பயன்படுத்துகிற அளவை மக்களுக்குத் தடை பண்ணினார்கள். அந்த வழக்கம் 1959 ஆயுதச் சட்டத்திலும் தொடர்ந்தது. .303 தடை செய்யப்பட்ட அளவு. அதற்குப் பதிலாக .315 என்று ஒன்று, இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்து விற்கிறார்கள். நம்ம ஊரில் 'ரைஃபிள் லைசென்ஸ்' என்றால் பெரும்பாலும் இந்த .315தான். மற்றபடி கிராமத்தில் இருப்பதெல்லாம் 12 போர். அந்த 12 இஞ்சும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. குழலுக்குள் கச்சிதமாகப் போகிற ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. நகைக்கடைக் கணக்கில் ஒரு உருண்டை நாலே முக்கால் பவுன்!

எங்கள் வீட்டில் இருந்தது ஒற்றைக்குழல் 12 போர். தாத்தா பெயரில் இருந்து 1978இல் நைனா பெயருக்கு வந்தது. நடுவீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். கல்யாணம் பேச வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். "துப்பாக்கி வெச்சிருக்கிற வீடு"ன்னு ஒரு மரியாதை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்கிவர வேண்டும். நைனா ஓட்டுப் போட்டதைவிட துப்பாக்கி தூக்கிக்கொண்டு நடந்ததுதான் அதிகம். அவர் அதனால் நரி சுட்டு நான் பார்த்ததில்லை. காட்டுப்பன்றி கடலைக்குள் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒன்று விடுவார், அவ்வளவுதான்.

இப்போது அவருக்கு 74. வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது, எழுபது வயது தாண்டிய உரிமதாரர் குடும்பத்தில் ஒருவருக்கு மாற்றும்படி கேட்கலாம். எனக்கு மாற்ற முடியாது, நான் வருஷத்தில் இருபது நாள் வந்து போகிற விருந்தாளி. கேட்டுக்கொண்டிருப்பது சித்தப்பா மகன். நல்ல உழைப்பாளி, ஊரில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவன். "அண்ணா, பன்னி தொல்லை தாங்க முடியல, நீதான் பெரியப்பாகிட்ட சொல்லணும்"ன்னு எனக்கே வாட்ஸ்அப்பில் மூன்று தடவை. அவன் சொல்வதில் பொய் இல்லை. பன்றி மட்டுமா, 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவித்ததிலிருந்து யானையும் எங்கள் பக்கத்து நிரந்தர விருந்தாளி. தக்காளித் தோட்டத்தில் ஒரு ராத்திரி இறங்கினால் ஒரு வருஷத்துக் கடன். 2025இல் கர்நாடகா கொடுத்த கும்கி யானைகள் வந்திருக்கின்றன. ஆனால் கும்கி வருவதற்குள் விடிந்துவிடும்.

ஆனால் இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியும். அவனுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் நாலு வருஷமாக வரப்புத் தகராறு. இரண்டு தடவை கைகலப்பு. அவன் கோபம் எப்படிப்பட்டது என்று கூட விளையாடி வளர்ந்த எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷத்தில் தணிந்துவிடும். ஐந்து நிமிஷம்தான் பிரச்சினை. மம்மட்டி தூக்கினால் யாராவது நடுவில் வந்து பிடிப்பார்கள். நாலே முக்கால் பவுன் உருண்டையை யார் பிடிப்பது?

நைனாவிடம் இதை எப்படிச் சொல்வது? தம்பி மகனைப் பற்றிச் சொன்னால் குடும்பத்தில் பிளவு. மரியாதை போகும் என்று அவரே நினைப்பார். ரெண்டு வாரம் யோசித்தேன். கடைசியில் போனில் நரியைப் பற்றிப் பேச்செடுத்தேன். இங்கே ஒரு பொட்டி ஊளையிட்டதையும், எனக்கு நக்கலோள்ளு பெரியவர் ஞாபகம் வந்ததையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இப்போ எங்கடா நரி? நான் ஊளை கேட்டு ஏழெட்டு வருசம் ஆவுது"ன்னார்.

"எப்டி நைனா போச்சு? யாரும் சுடலியே?"

"சுடணுமா இன்னா? பன்னிக்குன்னு கறில வெடி வெச்சி போடறானுங்க, அத்த இது கடிக்குது. கம்பில கரண்ட் உட்றானுங்க. தெருநாய் வேற கூட்டம் கூட்டமா காட்டுக்குள்ள பூந்துட்ச்சி. அது இன்னா பண்ணும், பாவம்."

அவர் சொன்னது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. 2020இல் திருச்சி அருகே ஒரு நரி, கறியில் பொதிந்த நாட்டுவெடியைக் கடித்து வாய் சிதறிச் செத்தது, பன்னிரண்டு பேர் கைதானார்கள். கரண்ட் கம்பியில் எங்கள் சித்தூர் மாவட்டத்தில் யானைகளே செத்திருக்கின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு நம்ம நரியும் வங்காநரியும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, புலியோடு சமமாக. கொன்றால் மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. ஏட்டில் புலிக்குச் சமம், காட்டில் ஆளையே காணோம்.

இங்கே கொயோட் கதை தலைகீழ். அரசாங்கமே வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் கொல்கிறது. வேட்டைக்காரர்கள் கொல்வது தனி. ஐயோவாவில் வருஷம் முழுக்க சீசன். அப்படியும் அது மேற்குச் சமவெளியிலிருந்து கிளம்பி ஹவாய் தவிர எல்லா மாநிலத்துக்கும் பரவிவிட்டது. 1975இலேயே கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரண்டு கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கொன்றால் கூட ஒழிக்க ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகுமாம். கூட்டம் குறைந்தால் குட்டி அதிகம் பிழைக்கும். துப்பாக்கியால் ஒழியாது. ஒழிந்துகொண்டிருப்பது தோல் வியாபாரம்தான். குளிர் கோட்டின் தலைமூடி ஓரத்தில் கொயோட் ரோமம் வைத்துப் பிரபலமான கனடா கூஸ், 2022 முடிவுக்குள் ரோமத்தை விட்டுவிடுவதாக 2021இல் அறிவித்தது. கலிஃபோர்னியாவில் 2023 முதல் புது ரோம ஆடை விற்பனைக்கே தடை. நண்பருக்கு இப்போது ஒரு தோலுக்குக் கிடைப்பது வண்டிக்குப் போடுகிற கேஸுக்கே காணாது. "பின்னே ஏன் போற?"ன்னு கேட்டேன். "செத்த பிறகு வீணாக்கக் கூடாது இல்லையா? அதான் சின்ன ஓட்டை"ன்னார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவர் அண்டைவீட்டுப் பண்ணையில் ஆட்டுக்குட்டி போவதும் மெய்தான். நான் அவரைக் குறை சொல்லப் போவதில்லை, கோழி சாப்பிட்டுக்கொண்டே சொல்லவும் கூடாது.

ஆனால் நைனாவின் வார்த்தை மனதில் நின்றுவிட்டது. சுடணுமா இன்னா?

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "நரியே இல்லாத ஊர்ல தாத்தா துப்பாக்கிய வெச்சிகினு இன்னாடா பண்றது? எனக்கும் கை நடுங்குது. பையனுக்குக் குடுத்தா..." அங்கே நிறுத்திவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் வரப்பில் மம்மட்டி தூக்கிய அன்றைக்கு ஓடிப்போய் நடுவில் நின்றவரே அவர்தான். "குடுக்கல. சர்க்கார்கிட்டயே குடுத்துட்றேன். வயசாயிட்ச்சி, வேணான்னு எழுதிக் குடுத்துட்றேன். யாரும் கோவிச்சிக்க முடியாது பாரு." எழுபத்து நாலு வயது மூளை! யார் பெயரையும் கெடுக்காமல் வேலையை முடித்துவிட்டார்.

சித்தப்பா மகன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறான். பன்றிக்கு என்ன வழி என்று அவன் கேட்பது நியாயமான கேள்வி, அதற்குத் துப்பாக்கி இல்லாத பதில் ஒன்று நான் சொல்லியாக வேண்டும். சூரியசக்தியில் ஓடுகிற வேலி போடலாம் என்று விலை கேட்டிருக்கிறோம். அது உதறிவிடும், கொல்லாது. பாதிப் பணம் நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு .223, மேலே வைக்கிற தொலைநோக்கி, தோட்டா, பனி உடுப்பு எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே காசு வருகிறது.

நடுவீட்டுச் சுவரில் துப்பாக்கி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறதாம். அம்மா அங்கே காலண்டர் மாட்டிவிட்டாள்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கு என் பதினாலு வயசுப் பையனை அனுப்பியிருக்கிறேன். இந்த நாட்டில் எந்த நண்பன் வீட்டுக்குப் போனாலும் அலமாரியில் துப்பாக்கி இருக்கும். அதை எப்படித் தொடக் கூடாது என்றாவது தெரிய வேண்டும் இல்லையா? நான் வாங்கவில்லை. இந்தக் குளிர்காலத்திலும் நண்பரோடு இரண்டு தடவை போனேன். எனக்குக் கொடுத்திருக்கிற வேலை பொட்டியின் பட்டனை அழுத்துவது. முயலை விட்டுவிட்டு நான் எப்போதும் ஊளையைத்தான் அழுத்துகிறேன். தூரத்திலிருந்து ஒன்று பதில் சொல்லும், அப்புறம் இன்னொன்று. நண்பருக்கு அது குறி, எனக்குக் கேட்டால் போதும்.